மிஸ்ஸி அக்கா பதில்கள்: புரோஸ்டேட் ஊசியும் வீட்டுல நடக்கற கூத்தும்

புரோஸ்டேட் புற்றுநோய்க்குப் போடற ஹார்மோன் ஊசியப் பத்தி வந்த கடிதங்க நெறைய சேந்துருச்சு, அதனால இந்த வாரம் முழுக்க அதுதான். பேரு போடாதீங்கன்னு எல்லாரும் கேட்டிருக்கீங்க, ஊர மட்டும் போடறேன். நான் டாக்டர் இல்ல, பினாங்குல கேன்சர் வார்டுல வேல பாத்து ரிட்டையர் ஆன நர்ஸ். மருந்து மாத்தறதும் கூட்டறதும் உங்க டாக்டர் வேல, ஆனா அந்த ரூமுக்குள்ள போயி வாயத் தொறந்து என்ன கேக்கணும்னு சொல்லித் தர்றது என் வேல.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரருக்கு 68 வயசு. மூணு மாசத்துக்கு ஒருக்கா வயித்துல ஊசி போடறாங்க. ரெண்டாவது ஊசிக்கப்புறம் நடுராத்திரியில எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு எரியுது எரியுதுங்கறார், பனியனப் பிழிஞ்சா தண்ணி சொட்டுது, காத்தாடிய அஞ்சுல வைக்கச் சொல்றார், கொஞ்ச நேரத்துல குளுருதுன்னு போர்வைய இழுக்கறார். ஹார்ட் அட்டாக்கோன்னு எனக்கு பயம். இன்னொண்ணு, சீரியல் பாத்து அழறார். போலீசுல இருந்த மனுசன் அக்கா. (பட்டர்வொர்த்)

பதில்: பயப்படாதீங்க தங்கச்சி. நமக்கு மாதவிடாய் நிக்கற வயசுல வந்துச்சே ஒரு சூடு, அதேதான் அவருக்கு இப்ப வருது. அந்த ஊசி டெஸ்டோஸ்டெரோன்ங்கற ஆம்பள ஹார்மோன அடிமட்டத்துக்கு எறக்கிடும், அது எறங்கினதும் மூளையில ஒடம்புச் சூட்டப் பாத்துக்கற எடம் குழம்பிப் போயி, சும்மா படுத்திருக்கற மனுசனுக்கு சூடு ஏறிருச்சுன்னு நெனச்சுக்கிட்டு வேர்வையத் தொறந்து விட்டுடும். நெஞ்சுலயும் மூஞ்சிலயும் ஆரம்பிக்கும், சில நிமிஷம் இருக்கும், வேர்த்துக் கொட்டும், அப்புறம் குளுரும். ஊசி போடறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இது வருது, சிலருக்கு நாளாக நாளாக கொறையும், சிலருக்கு ஊசி நிக்கற வரைக்கும் கூடவே இருக்கும்.

ஹார்ட் அட்டாக்கு வேற. நெஞ்ச அழுத்தற வலி, கை தாடைக்கு எறங்கற வலி, மூச்சுத் திணறல், இதுல எது வந்தாலும் ஊசிதான்னு உக்காந்துக்கிட்டு இருக்காம 999 அடிங்க. இந்த ஊசியில இருக்கறவங்களுக்கு இதய நோய் ஆபத்து கொஞ்சம் கூடலாம்னு டாக்டருங்களே எச்சரிக்கறாங்க, அதனால பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் மூணையும் ஒழுங்கா பாத்துக்கிட்டே இருக்கணும்.

இப்ப ராத்திரிக்கு என்ன பண்றது? மொதல்ல ஒரு நோட்டுல ஒரு வாரத்துக்கு எழுதுங்க, எத்தன மணிக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி என்ன சாப்ட்டார்னு. பாதி பேருக்கு அதுலயே வெளங்கிடும். ராத்திரி பத்து மணிக்கு மாமாக் கடையில சூடா தே தாரிக், கூடவே காரமா மீ கோரேங், இல்லாட்டி ரெண்டு பீரு, இதெல்லாம் சூட்டக் கெளப்பி விடும். நிறுத்தச் சொல்லல, சாயங்காலத்துக்கு மாத்துங்க, தேத்தண்ணிய ஆற விட்டுக் குடிக்கச் சொல்லுங்க. நைலான் கைலி, பாலியஸ்டர் பனியன் வேணாம், பருத்தி போதும். தலையணை ஒறை ரெண்டு கூட வாங்கி வைங்க, கட்டில் பக்கத்துல ஒரு துண்டு, ஒரு மாத்து பனியன், ஒரு போத்தல் தண்ணி. எந்திரிச்சு அலமாரியத் தேடறதுலதான் தூக்கமே கெடுது. காத்தாடி சண்டைக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி ரெண்டு காத்தாடி, ஒரு சின்ன டேபிள் காத்தாடிய அவர் பக்கம் மட்டும் திருப்பி வைங்க.

இதெல்லாம் பண்ணியும் வாரத்துல நாலஞ்சு ராத்திரி தூக்கம் போச்சுன்னா மருந்து இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க. மெட்ராக்ஸிபுரொஜெஸ்டரோன்னு ஒரு மாத்திரை, அத 10 வாரம் குடுத்துப் பாக்கச் சொல்லி பிரிட்டன் வழிகாட்டுதல்ல இருக்கு. அது ஒத்து வரலன்னா வேற மாத்திரைங்களும் உண்டு, வென்லாஃபாக்ஸின்னு மனசோர்வுக்குக் குடுக்கற மருந்து கூட சிலருக்கு சூட்டக் கொறைக்குது. எல்லாத்துக்கும் அதது பக்க விளைவு இருக்கு, பிரஷர் இருந்தா சொல்லணும், அதனால பக்கத்து வீட்டுக்காரருக்குக் குடுத்தாங்கன்னு வாங்கிப் போடாதீங்க. ஆனா கேளுங்க. கேக்காம டாக்டருக்கு எப்படித் தெரியும்? வார்டுல இவரு மாதிரி எத்தனையோ பேரப் பாத்திருக்கேன், டாக்டர் எப்படி இருக்கீங்கன்னு கேட்டா ஓகே டாக்டர்னு கை தூக்கிட்டு வருவாங்க, வெளிய வந்ததும் பொஞ்சாதி என் கையப் புடிச்சுக்கிட்டு அழுவாங்க.

அழுகை விசயம். அதுவும் ஊசியோட வேலதான் பாதி. டெஸ்டோஸ்டெரோன் போச்சுன்னா மனசு இளகும், சட்டுனு கோவம் வரும், சட்டுனு கண்ணுல தண்ணி வரும், சிலருக்கு ஞாபகம் கூட கொஞ்சம் மங்கும். சீரியல் பாத்து அழறத நீங்க பெருசு பண்ணாதீங்க, புள்ளைங்க முன்னாடி கிண்டல் பண்ணாதீங்க, அவ்ளோதான். ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் நாட்டமில்லாம, சாப்பாடு எறங்காம, நான் எதுக்கு இருக்கேன்ங்கற மாதிரி பேச்சு வந்துச்சுன்னா அது சீரியல் அழுகை இல்ல, அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லணும்.

கேள்வி: எனக்கு 63. செக்யூரிட்டி வேல பாக்கறேன். ஊசி போட ஆரம்பிச்சு எட்டு மாசமாச்சு. கை கால்ல சக்தியே இல்ல, மூணாவது மாடி ஏறினா மூச்சு வாங்குது, கையி ஒல்லியாயிருச்சு, வயிறு மட்டும் முன்னாடி வந்துருச்சு. கூட்டாளி ஒருத்தர் தொங்காட் அலின்னு மூலிகை வேரு கலந்த காப்பி பாக்கெட் கொண்டாந்து குடுத்தார், ஒரு மாசம் குடிச்சா எல்லாம் சரியாயிடும்ங்கறார். குடிக்கலாமா அக்கா? (ஆயர் ஈத்தாம்)

பதில்: அந்தப் பாக்கெட்ட மொதல்ல திருப்பிக் குடுங்க தம்பி. தொங்காட் அலிய என்ன சொல்லி விக்கிறாங்க? ஆம்பள ஹார்மோன ஏத்தும்னு சொல்லித்தானே? உங்க டாக்டர் வெல கூடின ஊசியப் போட்டு எறக்கி வைக்கிறது அதேயதான். அது நெஜமா ஏத்துதோ இல்லையோ, ஒரு பக்கம் எறக்கிக்கிட்டு இன்னொரு பக்கம் ஏத்தறதுக்குக் காசு குடுக்கறதுல என்ன அர்த்தம் சொல்லுங்க. இன்னொரு ஆபத்தும் இருக்கு. இந்த மாதிரி ஆண்மைக் காப்பி பாக்கெட்டுங்கள்ல சில்டெனாஃபில், டடாலாஃபில்னு விறைப்பு மருந்துங்களத் திருட்டுத்தனமா கலந்து வித்தத நம்ம சுகாதார அமைச்சு பல தடவ புடிச்சு எச்சரிக்கை விட்டிருக்கு. நெஞ்சு வலிக்கு நாக்குக்கடியில வைக்கிற மாத்திரை எடுக்கறவரு அதக் குடிச்சா பிரஷர் ஒரேயடியா எறங்கி மயங்கி விழுந்துடுவாரு. பசார் மாலாம்ல மைக்கு வச்சு விக்கிறவருக்கு உங்க மருந்து லிஸ்ட்டு தெரியாது.

மூச்சு வாங்கறதுக்கு மொதல்ல ரத்தத்தப் பாக்கணும். டெஸ்டோஸ்டெரோன் கொறைஞ்சா ஹீமோகுளோபினும் கொஞ்சம் எறங்கும், அதுல ஒரு சோர்வு. தைராய்டு, சுகர், இதயம் இதையும் ஒரு தடவ பாத்துடச் சொல்லுங்க. எல்லாம் சரியா இருந்து ஊசிச் சோர்வுதான்னு ஆச்சுன்னா, இப்ப நான் சொல்றது உங்களுக்குச் சிரிப்பா இருக்கும், சோர்வா இருக்கறவன் படுக்கக் கூடாது. ஆராய்ச்சியில நல்லா நின்ன மருந்து ஒடற்பயிற்சிதான். வாரத்துல ரெண்டு தடவையாச்சும், 12 வாரத்துக்கு, நடக்கறதும் வேணும் தசைக்கு வேல குடுக்கறதும் வேணும், சொல்லிக் குடுக்க ஒரு ஆளு பக்கத்துல இருந்தா இன்னும் நல்லதுன்னு அந்த பிரிட்டன் வழிகாட்டுதல்லயே எழுதியிருக்கு. நடை மட்டும் போதாது தம்பி, நம்ம ஆளுங்க தோட்டத்து ரோட்டுல, அதான் பொட்டானிக்கல் கார்டன்ல, ஒரு மணி நேரம் பேசிக்கிட்டே நடந்துட்டு எக்சர்சைஸ் முடிஞ்சதுன்னு ரொட்டி சானாய் சாப்டப் போயிடுவாங்க. உங்க கையி ஒல்லியானதுக்கு கைக்கு வேல வேணும். ஜிம்முக்குப் போக வேணாம். கை புடிக்காம நாற்காலியிலருந்து பத்து தடவ எந்திரிச்சு உக்காருங்க. ஒன்றரை லிட்டர் தண்ணி போத்தல் ரெண்ட எடுத்து தோளுக்குத் தூக்கி எறக்குங்க. செவத்துல கை ஊனித் தள்ளுங்க. செக்யூரிட்டி வேலைன்னா ராத்திரி கார்டு ஹவுஸ்ல உக்காந்துதானே இருக்கீங்க, அங்கயே பண்ணலாம், எவன் பாக்கப் போறான்.

எலும்புக்கு நோய் பரவியிருந்தா மட்டும் எந்த எக்சர்சைஸ் பண்ணலாம்னு பிசியோகிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க.

வயிறு: கொழுப்பு சேரறதும் தசை கொறையறதும் ஊசியால, சுகர் ஏறவும் வாய்ப்பு கூடுது. அதனால கார்டு ஹவுஸ்ல ராத்திரி குடிக்கற இனிப்பு மைலோவ நிறுத்திட்டு கோப்பி ஓ கோசோங், அதான் சீனி போடாத கடுங்காப்பி, பழகுங்க, அதுவும் தூங்கப் போற நேரத்துல இல்லாம. தினம் ஒரு வேளைக்கு முட்டை, மீனு, தவ்வு (சோயாக் கட்டி), தெம்பே (புளிக்க வச்ச சோயா), பருப்பு ஏதாச்சும் தட்டுல இருக்கணும். தவ்வு சாப்பிட்டா பொம்பள ஹார்மோன் ஏறும்னு ஒரு பேச்சு இருக்கு, நீங்க அளவா சாப்பிடற தவ்வால ஒண்ணும் ஆகாது.

கேள்வி: பி.எஸ்.ஏ.ன்னு புரோஸ்டேட்டுக்குப் பாக்கற ரத்தப் பரிசோதனை அளவு 38-ல இருந்துச்சு, இப்ப 0.1. அப்ப ஊசிய நிறுத்திடலாமா? (ஜெலுத்தோங்)

பதில்: நீங்களா நிறுத்தாதீங்க. அந்த 0.1 ஊசி போட்டதாலதான் வந்துச்சு. புரோஸ்டேட் கேன்சர் ஆம்பள ஹார்மோனத் தின்னு வளருதுன்னு சார்ல்ஸ் ஹக்கின்ஸ்னு சிகாகோ டாக்டர் 1941-ல காட்டினாரு, 1966-ல நோபல் குடுத்தாங்க. இன்னைக்கு உங்களுக்குப் போடற ஊசியும் அந்தத் தீனியத்தான் நிறுத்துது, தீனி திரும்ப வந்தா அதுவும் திரும்ப எந்திரிக்கும். ரேடியேஷன் கூட சேத்துக் குடுக்கறாங்கன்னா ஒரு கெடு இருக்கும், சிலருக்கு 6 மாசம், ஆபத்து கூடின நோய்னா 18 மாசத்துலருந்து 3 வருசம். வேற சிலருக்கு, பி.எஸ்.ஏ. நல்லா எறங்கினதும் நிறுத்தி வச்சு, ஏறினதும் திரும்பப் போடற மொறையும் இருக்கு, பக்க விளைவுலருந்து கொஞ்ச நாள் தப்பிக்கலாம். நீங்க எந்த வகைன்னு டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க: எனக்கு இது எவ்ளோ காலம், இடைவெளி விட்டுப் போடற வாய்ப்பு எனக்கு உண்டா. இந்த ரெண்டு கேள்விக்கும் பதில எழுதி வாங்கிக்கோங்க.

கேள்வி: மிஸ்ஸி, எழுதவே கூச்சமா இருக்கு. எனக்கு 55, அவருக்கு 62. ஒரு வருசமா அவர் ஹால்ல சோபாவுல படுக்கறார். கை பட்டாலே வெலகிப் போறார். வேற யாராச்சும் இருக்காங்களோன்னு நான் போன எல்லாம் எடுத்துப் பாத்துட்டேன். ஹார்மோன் ஊசி போட்டுக்கிட்டு இருக்கார். (புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: தங்கச்சி, போன வச்சிடுங்க. அதுல ஒண்ணும் கெடைக்காது. ஆசைங்கறதே டெஸ்டோஸ்டெரோன் இருந்தாதான் எழும், ஊசி அத எடுத்துடுச்சு. அது உங்க மேல ஆசை கொறைஞ்சது இல்ல, பசியே எடுக்காதவனுக்கு நெய்ச்சோறு வச்சாலும் ஒண்ணுதான். விறைப்பும் வராது, உறுப்பும் விதையும் கொஞ்சம் சுருங்கும், அக்குள் முடி கால் முடி எல்லாம் உதிரும். கண்ணாடியில தன்னயே பாக்கப் புடிக்காம இருக்கார் அவர். கை பட்டா அடுத்து என்னமோ எதிர்பாப்பாங்கன்னு பயந்துதான் வெலகறார்னு என் கணக்கு, முக்காவாசி ஆம்பளைங்க அப்படித்தான், முடியலன்னு சொல்றதுக்கு பதிலா சோபாவுக்குப் போயிடுவாங்க.

இத ஊசிக்கு முன்னாடியே ரெண்டு பேரையும் உக்கார வச்சுச் சொல்லியிருக்கணும். பல எடத்துல சொல்றதில்ல, எனக்கு அதுல இன்னும் கோவம் உண்டு. பாரத்துல கையெழுத்து வாங்கறதுக்கு நேரம் இருக்கு, இதச் சொல்ல நேரம் இல்ல.

நீங்களே பேச்ச எடுங்க. ராத்திரி படுக்கப் போற நேரத்துல வேணாம், கார்ல போறப்ப பேசுங்க, மூஞ்சிய மூஞ்சி பாக்க வேண்டியதில்ல, ஆம்பளைங்களுக்கு அது சுலபம். எனக்கு ஒண்ணும் வேணாம், நீங்க பக்கத்துல படுத்தா போதும்னு சொல்லிப் பாருங்க, அது நெஜமா உங்களுக்குப் போதும்னா மட்டும். போதாதுன்னா அதுவும் தப்பில்ல. விறைப்புக்கு மாத்திரை, வாக்குவம் பம்பு, உறுப்புல போடற ஊசின்னு வழிங்க இருக்கு. ஆசை இல்லாதப்ப மாத்திரை மட்டும் பெருசா வேல செய்யாது, ஆனா ரெண்டு பேரும் சேந்து முயற்சி பண்றவங்களுக்கு ஏதோ ஒரு வழி அமையறதப் பாத்திருக்கேன். யூராலஜி கிளினிக்குல கேளுங்க, அவங்களுக்கு இதெல்லாம் தெனம் கேக்கற கேள்வி, ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடறவருன்னா அத மொத வாக்கியத்துலயே சொல்லிடுங்க. ஊசிய நிறுத்தினா திரும்புமான்னு கேப்பீங்க. திரும்பலாம், மெதுவா, பல மாசம், ஒரு வருசத்துக்கு மேல கூட ஆகும், வயசும் ஊசி போட்ட காலமும் கூடக் கூட திரும்பறது கொறையும்.

கேள்வி: ஊசி இல்லாம, ஆம்பள ஹார்மோனத் தடுக்கற பிக்காலுடமைட் மாத்திரை மட்டும் குடுத்திருக்காங்க. மாரு வீங்கி சட்டை பட்டாலே வலிக்குது. (பாயான் லெப்பாஸ்)

பதில்: அந்த மாத்திரையத் தனியா எடுத்தா இது ரொம்ப சகஜம். இப்பவே சொல்லுங்க, நாள் கடந்து கெட்டியாயிட்டா மருந்து அவ்வளவா கேக்காது. டமோக்ஸிஃபென் மாத்திரை உதவும், மாருக்குக் கொஞ்சமா ரேடியேஷன் குடுக்கறதும் உண்டு, அது ஆரம்பத்துலயே குடுத்தாதான் பலன். ஒரு பக்கம் மட்டும் கட்டி கல்லு மாதிரி இருந்தா தனியா காட்டுங்க, ஆம்பளைக்கும் மார்புப் புற்று வரும்.

கேள்வி: அப்பாவுக்கு 72. எலும்புக்குப் பரவிடுச்சு. ஊசி கூட அபிராடெரோன், பிரெட்னிசோலோன் மாத்திரை. தைப்பூசத்துக்கு விரதம் இருந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறார். தடுக்கவும் மனசு வரல. (குளுகோர்)

பதில்: ஒரேயடியா தடுக்காதீங்க தம்பி, ஆனா 513 படிய வெறுங்கால்ல, கூட்டத்துல, தலையில குடத்தோட ஏறறதுக்கு முன்னாடி டாக்டர் அவர் ஸ்கேனப் பாத்துச் சொல்லணும். முதுகெலும்புலயோ தொடை எலும்புலயோ நோய் இருந்தா ஒரு தடுமாற்றம் போதும் முறியறதுக்கு. அது இல்லாமலே இந்த ஊசி எலும்பக் கரைக்கும், அதனாலதான் டெக்ஸான்னு எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொல்றது, கால்சியமும் வைட்டமின் டி-யும் குடுக்கறது. எலும்புக்கு ஸோலெட்ரோனிக் ஆசிட் இல்லாட்டி டெனோசுமாப் ஊசி போடப் போறாங்கன்னா மொதல்ல பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, புடுங்க வேண்டிய பல்ல முன்னாடியே புடுங்கிடணும். அந்த ஊசிக்கப்புறம் பல்லு புடுங்கினா தாடை எலும்பு ஆறாம போற ஆபத்து இருக்கு.

விரதம்: சைவம் தாராளமா இருக்கட்டும், கேவுரு, கீரை, பாலு, தவ்வு எல்லாம் எலும்புக்கும் நல்லது. ஆனா நாளைக்கு ஒரே வேளைதான் சாப்பிடுவேன்ங்கற விரதம் வேணாம். அபிராடெரோன் வெறும் வயித்துல போடறது, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு, போட்டப்புறம் ஒரு மணி நேரம் ஒண்ணும் சாப்பிடாம. பிரெட்னிசோலோன் சாப்பாட்டோட போடறது. ரெண்டையும் மாத்திக் குடுக்கறவங்க வீடு நெறைய இருக்கு, நீங்க ரெண்டு டப்பாவுலயும் பெருசா எழுதி ஒட்டுங்க. பிரெட்னிசோலோன விரதம்னு சொல்லி திடீர்னு நிறுத்தவே கூடாது. காலு வீங்குதா, பிரஷர் ஏறுதான்னு பாத்துக்கிட்டே இருங்க, அபிராடெரோனுக்கு பொட்டாசியத்தக் கொறைக்கற கொணமும் உண்டு.

டாக்டர் படி வேணாம்னு சொல்லிட்டா, வாட்டர்ஃபால் ரோட்டுலயே செட்டியார் கோயில் இருக்கு, வெள்ளி ரதம் வந்து நிக்கற எடம், 513 படியும் இல்ல, முருகனும் அதே முருகன்தான். குடத்த நீங்க தூக்குங்க, அவர் கூட நடக்கட்டும். விடியறதுக்கு முன்னாடி போங்க, வெயில்ல தாரு ரோட்டுல நிக்க வைக்காதீங்க.

தைப்பூசம் இருக்கட்டும், இன்னைக்கே வீட்டுல பாத்ரூம்ல கைப்பிடி போட்டாச்சா? வார்டுக்கு எலும்பு முறிஞ்சு வந்தவங்க கோயில் படியில விழுந்து வந்தது கம்மி, ராத்திரி ஒண்ணுக்குப் போக எந்திரிச்சு ஈரத் தரையில வழுக்கினவங்கதான் அதிகம். புதுசா முதுகு வலி, கால் மரத்துப் போறது, நடை தள்ளாடறது, ஒண்ணுக்கு அடைக்கறது, இதுல எது வந்தாலும் அடுத்த அப்பாயின்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. தண்டுவடம் நசுங்கற அறிகுறி அது, சில மணி நேரத்துக்குள்ள வைத்தியம் ஆரம்பிக்கணும், விட்டா காலு வராது.

கேள்வி: முதல் ஊசிக்கு முன்னாடி ஏன் ஒரு மாத்திரை குடுத்தாங்க? (செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: சில ஊசிங்க மொத ஒண்ணு ரெண்டு வாரம் டெஸ்டோஸ்டெரோன ஏத்திட்டுத்தான் எறக்கும். அந்த ஏத்தம் நோயக் கெளப்பிடாம இருக்க அந்த மாத்திரை. சொன்ன நாள் வரைக்கும் விடாம போடுங்க. டெகாரெலிக்ஸ் மாதிரி ஊசிக்கு இது தேவப்படாது, அதுல ஊசி போட்ட எடம் செவந்து வீங்கறதுதான் தொல்லை.

கேள்வி: தமிழ்நாட்டுக்குப் போயி நாலு மாசம் தங்கலாம்னு இருக்கோம். ஊசிய வந்து போட்டுக்கலாமா? (பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்)

பதில்: மூணு மாச ஊசிய நாலு மாசத்துக்கு இழுக்க முடியாது, மருந்து தீந்தா ஹார்மோன் ஏற ஆரம்பிச்சுடும். கெளம்பற தேதிக்கு ஏத்த மாதிரி ஊசித் தேதிய மாத்த முடியுமா, ஆறு மாசத்துக்கு ஒருக்கா போடற வகை உங்களுக்குக் கெடைக்குமா, இல்லாட்டி அங்க போட்டுக்க மருந்துப் பேரும் அளவும் எழுதின கடிதம் குடுப்பாங்களான்னு மூணையும் கேளுங்க. டிக்கெட் போடறதுக்கு முன்னாடி கிளினிக்குக்கு ஒரு போன் போட்டுடுங்க.